இசைத்தட்டும் ஈரக்காற்றும்

வாசகர் கேள்வி – பதில்

பழைய இசைத்தட்டுகளை வாங்குவது பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, எந்தத் தட்டுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்ற கேள்விகளே வரும் என்று எதிர்பார்த்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறொரு கவலையைச் சொல்கின்றன. தாமே வாங்கியதையோ பெற்றோர் விட்டுச்சென்றதையோ சிங்கப்பூரின் ஈரக் காற்றில் எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சிலவற்றுக்கு விரிவாகவும் சிலவற்றுக்குச் சுருக்கமாகவும் பதில் தருகிறேன்.

கேள்வி: மறைந்த என் தந்தையார் சேர்த்துவைத்த ஏறக்குறைய 200 எல்பி தட்டுகள், நாங்கள் இந்த வீவக வீட்டுக்குக் குடிவந்த நாள் முதல் பாம் ஷெல்டரில் (குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில்) அட்டைப் பெட்டிகளில் இருக்கின்றன. அண்மையில் திறந்து பார்த்தபோது குப்பென்று பூசண வாடை அடித்தது. சில தட்டுகளில் வெள்ளைப் புள்ளிகள் உள்ளன. வேறு சிலவற்றில் புள்ளி இல்லை, ஆனால் கண்ணாடியில் மூச்சுவிட்டதுபோல் மங்கல் படர்ந்திருக்கிறது. கழுவினால் சரியாகுமா, தூக்கிப் போடத்தான் வேண்டுமா?
– ஈசூன் வாசகி

பதில்: தூக்கிப் போட வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். முதலாவதைப் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். இரண்டாவதை மேலும் பரவாமல் நிறுத்த மட்டுமே முடியும்.

வெள்ளைப் புள்ளிகள் பூசணம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்பி தட்டு பாலிவினைல் குளோரைடு (பிவிசி) என்னும் பிளாஸ்டிக்கால் ஆனது; வினைல் என்று சொல்வதும் இதைத்தான். பூசணத்துக்கு அதில் தின்ன அதிகம் ஒன்றுமில்லை. அது தின்பது உள்ளுறையின் காகிதத்தையும், அட்டையை ஒட்டிய பசையையும், பல ஆண்டுகளாகத் தட்டைத் தொட்ட விரல்கள் விட்டுப்போன எண்ணெய்ப் பிசுக்கையும்தான். காகிதத்தில் காலூன்றிய பிறகே அது தட்டின் மேல் படர்கிறது. ஆகவே தட்டை மட்டும் பளபளவென்று கழுவி, அதே பழைய காகித உறைக்குள் திரும்பச் செருகினால் விரைவிலேயே பழையபடி ஆகிவிடும். என்னைக் கேட்டால், சிங்கப்பூரில் இசைத்தட்டுப் பராமரிப்பு என்பது முக்கால் பங்கு காகிதப் பராமரிப்புதான். குளிர்நாடுகளிலிருந்து வரும் அறிவுரைகள் தூசிக்கும் நிலைமின்சாரத்துக்கும் முதலிடம் கொடுக்கின்றன. நமக்கு அவை அடுத்த கட்டக் கவலைகள்.

மங்கல் படர்ந்த தட்டுகளைப் பொறுத்தவரை, அவற்றின் வெளியுறையைத் தொட்டுப் பாருங்கள். தடித்து, மெத்தென்று, சற்றே பிசுபிசுக்கும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது மென்மையாக்கப்பட்ட பிவிசி. தட்டைப் பாதுகாக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் பலரும் ஒரு காலத்தில் அதை வாங்கிப் போட்டார்கள். அந்த உறையை வளைந்துகொடுக்கச் செய்வதற்காகச் சேர்க்கப்பட்ட வேதிப்பொருள், வெப்பத்திலும் அழுத்தத்திலும் மெல்லக் கசிந்து, உள்ளிருக்கும் தட்டின் மேற்பரப்போடு வினைபுரிகிறது. பூசணப் புள்ளியை ஈரத் துணியால் துடைத்தால் போகும். உருப்பெருக்கியில் பார்த்தால் நடுவிலிருந்து நூலிழைகள் பிரிந்து செல்வது தெரியும். பிவிசி மங்கல் துடைத்தாலும் போகாது. உறையின் சுருக்கமும் மடிப்பும் எப்படி இருந்தனவோ அதே வடிவில் தட்டின்மேல் பதிந்திருக்கும். சில தட்டுகளில் அந்த மங்கல் காதுக்கே தெரியாது. சிலவற்றில் தொடர்ந்து ஒரு சீறல் கேட்கும். அந்த உறைகள் அனைத்தையும் இன்றே கழற்றி எறியுங்கள். அவற்றுக்குப் பதிலாகப் பாலிபுரோப்பிலீன் அல்லது பாலிஎத்திலீன் உறை வாங்குங்கள். விற்பவருக்கு எந்த வகை என்று தெரியாவிட்டால், மோந்து பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். புதுக் குளியலறைத் திரையின் வாடை அடித்தால் அது நமக்கு வேண்டாம்.

சுத்தம் செய்யும் வேலையைத் தொடங்குமுன் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். காலையில் சன்னலைத் திறந்துவைத்தால் நல்ல காற்று வரும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால், சிங்கப்பூரில் விடியற்காலைக் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும்; மழையில்லாத நாளில் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் அது 60 விழுக்காட்டு அளவுக்கு இறங்கும். பெட்டிகளைத் திறப்பது, உறைகளைக் காயவைப்பது, கழுவிய தட்டுகளை உலரவிடுவது ஆகிய எல்லாவற்றுக்கும் அந்த நேரமே ஏற்றது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரில் இந்த வேலையை எடுக்காமலிருப்பது நல்லது.

முகக்கவசமும் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். என்95 கவசம் இருந்தால் மிக நல்லது; ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைப் பிறரிடம் விட்டுவிட வேண்டும். மின்விசிறியை அணைத்துவிட்டுச் சன்னலோரமாக அமருங்கள். முதலில் மென்மையான தூரிகையால் உலர்ந்த பூசணத்தைத் தட்டிவிட்டு, அதன் பிறகே ஈரத்தைக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வித்துகளைக் குழைத்து, ஊசி ஓடும் வரித்தடங்களுக்குள் தள்ளியதாகிவிடும். கழுவுவதற்கு, ஒரு லிட்டர் வாலைவடிநீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) படச்சுருள் கழுவுவோர் பயன்படுத்தும் நனைப்பான் திரவத்தில் சில துளிகள் சேர்த்தால் போதும். பெனின்சுலா வட்டாரப் படக்கருவிக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். பூசணம் பிடிவாதமாக இருந்தால், வினைல் தட்டுக்கு மட்டும், நான்கு பங்கு நீருக்கு ஒரு பங்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். நடுவிலுள்ள லேபிள் நனையாதபடி பார்த்துக்கொண்டு, மைக்ரோஃபைபர் துணியால் வரித்தடத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள்; குறுக்கே துடைக்கக் கூடாது. நம் குழாய்நீர் குடிப்பதற்கு நல்ல நீர்தான். ஆனால், அதில் கரைந்துள்ள தாதுக்கள் நீர் காய்ந்ததும் தடத்திலேயே தங்கிவிடும் என்பதால், கடைசி அலசலை வாலைவடிநீரிலேயே செய்யுங்கள். பிறகு தட்டுகளைப் பாத்திரம் கவிழ்க்கும் அடுக்கில் நிமிர்த்தி நிறுத்தி, முழுவதும் காயும்வரை விட்டுவிடுங்கள். வெயிலும் முடியுலர்த்தியும் வேண்டவே வேண்டாம்.

பழைய வெற்றுக் காகித உள்ளுறைகளைக் குப்பையில் போட்டுவிடுங்கள். பாடல் வரிகளோ படங்களோ அச்சிட்ட உறையாக இருந்தால், அதைக் காயவைத்துத் தூரிகையால் துடைத்துத் தனியே வெளியட்டையோடு வைத்துக்கொண்டு, தட்டைப் புதிய பாலிஎத்திலீன் உள்ளுறையில் போடுங்கள். வெளியட்டைகளை ஈரத்தால் துடைக்கக் கூடாது. பிற்பகல் காற்றில் சில நாள்கள் விரித்துவைத்து, வாடை குறைந்த பிறகே பிளாஸ்டிக் வெளியுறைக்குள் இட வேண்டும். ஈரம் குறையாத அட்டையைப் பிளாஸ்டிக்கில் மூடுவது பூசணத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பதாகும். நீண்ட காலம் பூசணம் ஊறிய தட்டில், எவ்வளவு கழுவினாலும் மெல்லிய சரசரப்பு எஞ்சக்கூடும். அதற்காக அந்தத் தட்டை ஒதுக்க வேண்டியதில்லை.

பாம் ஷெல்டருக்கு மட்டும் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீடுகளில் இருக்கும் இந்த அறை, தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவுமாக, குண்டுவீச்சிலிருந்து காக்கவே அமைக்கப்பட்டது; கதவை மூடினால் காற்றோட்டம் குறைவு. அரிசி மூட்டைக்கும் பயணப் பெட்டிக்கும் அது பொருந்தலாம், காகிதத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: தட்டுகளை வீட்டில் எங்கேதான் வைப்பது? குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையா, படக்கருவிகளுக்கு விற்கும் டிரை கேபினெட்டா? ஈரம் உறிஞ்சும் பெட்டிகளை அலமாரியில் வைத்தால் போதும் என்கிறார் என் மனைவி.
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: ஆவணக் காப்பகங்கள் இசைத்தட்டுகளை ஏறத்தாழ 20 டிகிரி செல்சியஸிலும் 35 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்திலும் வைக்கின்றன. வீட்டில் அதை எட்ட முயன்றால் மின்கட்டணம் கையைக் கடித்துவிடும். ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டாலே பூசணத்தின் கொட்டம் அடங்கிவிடும். வெப்பநிலை 28 அல்லது 29 டிகிரியாக இருப்பதால் வினைலுக்கு உடனடிக் கேடு எதுவும் இல்லை. வெப்பம் எவ்வளவு என்பதைவிட அது ஏறி இறங்காமல் ஒரே சீராக இருப்பதே முக்கியம்.

அதனால்தான் படுக்கையறையைப் பற்றி எனக்கு முழு நிறைவு இல்லை. இரவு முழுதும் குளிர்சாதனம் ஓடி, காலையில் அதை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்ததும், நாளின் மிக ஈரமான காற்று குளிர்ந்த பொருள்களின் மேல் வந்து மோதுகிறது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்று, 26 டிகிரிக்குக் கீழான எந்தப் பரப்பைத் தொட்டாலும் நீராகப் படியும். 22 டிகிரி அறையில் இருந்த தட்டை எடுத்துவந்து வரவேற்பறையில் உறையை உருவினால், அதன்மேல் பனி பூப்பதை நீங்களே பார்க்கலாம். படுக்கையறையில்தான் வைக்க முடியும் என்றால், கதவுள்ள அலமாரியில் வையுங்கள். குளிர்சாதனத்தை அணைத்த பிறகு சன்னலைச் சிறிது நேரம் மூடியே விடுங்கள். தட்டை வெளியே கொண்டுவந்தால் பிளாஸ்டிக் வெளியுறையோடு அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு எடுங்கள்.

உள்ளே ஈரப்பதத்தைக் குறைத்துவைக்கும் மின்பெட்டியான டிரை கேபினெட் மிக நல்ல வழி. ஆனால் விலை கூடுதல். அதை 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். அதைவிடக் கீழே இறக்கினால் அட்டையும் பசையும் உலர்ந்து விறைக்கும், நிலைமின்சாரமும் கூடும். வாங்குமுன் அளவுநாடாவைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். எல்பி அட்டை ஏறத்தாழ 31.5 சென்டிமீட்டர் சதுரம். படக்கருவிகளுக்கென்று செய்யப்பட்ட பல பெட்டிகளின் உட்புற ஆழமோ அடுக்குகளுக்கிடையிலான உயரமோ அதற்குப் போதாது.

உங்கள் மனைவி சொல்வதில் பாதி சரி. அந்தப் பெட்டிகளில் இருக்கும் கால்சியம் குளோரைடு ஈரத்தை நன்றாகவே இழுக்கும். ஆனால், திறந்த அலமாரியில் வைத்தால் அது வீட்டுக் காற்றையே உலர்த்த முயன்று தோற்றுப்போகும். நன்கு மூடும் கதவு வேண்டும். அடியில் சேரும் நீர் வெறும் நீரல்ல, உப்புக் கரைசல். அது கவிழ்ந்து ஓர் அட்டையை நனைத்தால் அது எளிதில் காயாது. ஆகவே அதை எப்போதும் தட்டுகளுக்குக் கீழே, தனி ஏந்தலில் வைத்து, நிரம்புமுன் மாற்றிவிட வேண்டும். சேகரிப்பு 300, 400 தட்டுகளைத் தாண்டினால், அறைக்கு ஒரு மின்சார ஈரநீக்கியே சிக்கனம். எதை வாங்கினாலும் முதலில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஓர் ஈரப்பதமானியை வாங்கி, சுவரில் மாட்டாமல், தட்டுகளுக்கு நடுவே செருகிவையுங்கள். அறையில் காட்டும் எண்ணும் அலமாரிக்குள் காட்டும் எண்ணும் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

அலமாரியைப் பற்றியும் ஒரு சொல். அட்டையோடு சேர்ந்த ஒரு எல்பி 200 முதல் 250 கிராம் இருக்கும். 200 தட்டுகள் என்றால் 40 கிலோவுக்குக் குறையாது. புத்தகத்துக்கென்று செய்த மெல்லிய பலகை நடுவில் தொங்கிப்போகும். 33 சென்டிமீட்டர் சதுரக் கட்டங்களாகப் பிரிந்த அலமாரி பொருத்தமானது. ஒரு கட்டத்தில் 60 தட்டுகள் அளவோடு நிறுத்துங்கள். தட்டுகள் நேராக நிற்க வேண்டும், சாயக் கூடாது. விரலை நுழைத்து ஒன்றை உருவ முடிகிற அளவுக்குத் தளர்வும் இருக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியிலிருப்பவை நசுங்கி, அட்டையில் வட்டத் தழும்பு விழும். குளியலறைச் சுவரை ஒட்டியும், மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு எதிரேயும் அலமாரி வேண்டாம். கீழ் அடுக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயர்ந்திருக்கட்டும். மேல்வீட்டுக் குழாய் கசிவதும் சலவை இயந்திரத்துக் குழாய் கழன்றுகொள்வதும் அடுக்குமாடியில் புதிதல்லவே.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் சுங்கை ரோடு சந்தையில் வாங்கிய, கனமான 78 சுழற்சித் தட்டுகள் சில என்னிடம் இருக்கின்றன. எல்லாம் பழைய தமிழ்ப் பாட்டுகள். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் புதிதுபோல் ஆகும் என்கிறார் நண்பர். செய்யலாமா?
– பிடோக் வாசகர்

பதில்: கூடவே கூடாது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இந்தத் தட்டு வினைல் அல்ல, அரக்கு. நம் நாட்டுப்புறங்களில் மரச்சாமானுக்கு மெருகு பூசுவோர் அரக்கை எதில் கரைப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள், ஸ்பிரிட்டில்தான். உங்கள் நண்பர் சொல்வதைச் செய்தால் துடைக்கும் துணியில் பாட்டே வந்துவிடும். முதல் பதிலில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வினைலுக்கு மட்டும் என்று அழுத்திச் சொன்னதும் இதனால்தான்.

வேறு பல நாடுகளில் 78 சுழற்சித் தட்டின் காலம் 1950களின் இறுதியில் முடிந்துவிட்டது. இந்தியாவிலோ மின்சாரம் எட்டாத வீடுகளில் சாவி கொடுத்து ஓட்டும் கிராமபோன்கள் நிறைய இருந்ததால், 1960களிலும் அவை அச்சாகிவந்தன. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள்கூட அங்கே 78 சுழற்சித் தட்டாக வெளிவந்ததுண்டு. ஆகவே பாட்டு 1960களின் படத்தைச் சேர்ந்தது என்பதை வைத்துத் தட்டு வினைலாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டாதீர்கள். லேபிளில் 78 என்று இருந்தால் அரக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதைச் சுத்தம் செய்ய, வாலைவடிநீரில் நனைப்பான் ஓரிரு துளி விட்டு, துணியைப் பிழிந்து, சட்டென்று துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஊறவைக்கக் கூடாது. விளிம்பு உடைந்த தட்டிலோ மயிரிழை விரிசல் உள்ள தட்டிலோ நீரே படக் கூடாது. உள்ளே இறங்கிய ஈரம் அதை உப்பவைத்துவிடும். அரக்குத் தட்டுகளைத் தனி அடுக்கில், ஒவ்வொன்றையும் புதிய அமிலமற்ற காகித உறையில் இட்டு, நேராக நிறுத்துங்கள். பெரும்பாலானவை 25 சென்டிமீட்டர் விட்டமுள்ளவை என்பதால், 30 சென்டிமீட்டர் எல்பிகளுக்கிடையே கலந்து வைத்தால் எல்பிகள் அவற்றின் மேல் வளைந்து சாயும். தவறி விழுந்தாலோ அரக்குத் தட்டு சுக்குநூறாகும்.

இயக்குவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டும். எல்பிக்கான ஊசிமுனையின் ஆரம் ஏறத்தாழ 18 மைக்ரான். 78 சுழற்சித் தட்டின் தடம் அகலமானது. அதற்கு 65 முதல் 75 மைக்ரான் முனை வேண்டும். எல்பி ஊசியை அதில் வைத்தால் தடத்தின் அடியில் தடுமாறி இரைச்சலைத்தான் வாசிக்கும். சாவி கொடுக்கும் பழைய கிராமபோன் இருந்தால், எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்றியாக வேண்டும். சிக்கனம் பார்த்தால் ஊசிக்குப் பதில் தட்டு தேயும். அந்த கிராமபோனில் எல்பியை மறந்தும் போடாதீர்கள். அதன் ஒலிப்பெட்டி தடத்தில் இறக்கும் எடை 100 கிராமைத் தாண்டும். உங்கள் தட்டுகளை ஒருமுறை நல்ல ஊசியில் இயக்கி, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் கணினியில் பதிந்துவைத்துவிட்டால், அன்றாடம் கேட்பதற்கு அந்தப் பதிவே போதும்.

கேள்வி: புதிதாக எல்பி வாங்கத் தொடங்கியிருக்கிறேன். கைப்பெட்டி வடிவிலான விலைகுறைந்த பிளேயர் தட்டைக் கெடுத்துவிடும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– பொங்கோல் வாசகர், வயது 22

பதில்: ஒருமுறை போட்டதும் பாழாகிவிடும் என்பது மிகை, ஆனால் பயத்தில் நியாயமும் உண்டு. அந்தப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் பகுதி) இருக்கும். அது தடத்தின் மேல் ஏறத்தாழ 5 கிராம் அழுத்தும். எடையைச் சரிசெய்யும் வசதியும் இருக்காது. காந்தக் கார்ட்ரிட்ஜ் உள்ள சாதாரண டர்ன்டேபிளில் இந்த அழுத்தம் 1.5 முதல் 2 கிராம்தான். உண்மையில் தட்டை அழிப்பது எடையைவிடத் தேய்ந்த ஊசியே. மலிவு பிளேயர்களில் வரும் நீலமணி முனை விரைவில் தேய்ந்து உளியாகிவிடும். வைர முனை 500 முதல் 1,000 மணி நேரம் தாங்கும். நாளுக்கு ஒரு எல்பியின் இரு பக்கங்களையும் கேட்பவருக்கு 500 மணி நேரம் என்பது இரண்டு ஆண்டுகள். வாங்கிய தேதியை ஒரு சிறு காகிதத்தில் எழுதிப் பிளேயரின் அடியில் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

இப்போதைக்கு உங்கள் பெட்டியில் வைர முனை மாற்ற முடியுமா என்று பாருங்கள். கையில் காசு சேரும்போது முதலில் பிளேயரை மாற்றுங்கள், பிறகு தட்டு வாங்குங்கள். ஊசியில் சேரும் பஞ்சை மென்மையான தூரிகையால் பின்னிருந்து முன்னாக, தட்டு சுழலும் திசையிலேயே, எடுங்கள். புதுத் தட்டைச் சுற்றியுள்ள இறுக்கமான கண்ணாடித்தாளையும் முழுதாகக் கழற்றிவிடுங்கள். அது நாளடைவில் சுருங்கி அட்டையை இழுத்து, கூடவே தட்டையும் வளைக்கும்.

கேள்வி: எல்லாம் முறையாகக் கழுவியும் சில தட்டுகளில் இரைச்சல் போகவில்லை. இன்னும் எத்தனை முறை கழுவ வேண்டும்?
– செங்காங் வாசகி

பதில்: இனிக் கழுவ வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். 33⅓ சுழற்சித் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுத்துக்கொள்கிறது. ‘டக், டக்’ என்ற ஓசை கடிகாரம் பார்த்ததுபோல் 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது குறுக்குக் கீறல். எந்தத் திரவத்தாலும் அது ஆறாது. ஒழுங்கில்லாமல் அங்குமிங்கும் பொரிந்தால் அழுக்கு. இன்னொரு கழுவலுக்குப் பயன் உண்டு. பாட்டின் உரத்த இடங்களில் மட்டும், அதுவும் பக்கத்தின் கடைசிப் பாட்டில், குரல் கரகரத்தால், யாரோ தேய்ந்த ஊசியால் நிறைய கேட்டு மகிழ்ந்திருக்கிறார்கள் என்று பொருள். தட்டு முழுவதும் ஒரே சீராக மணல் உதிர்வதுபோன்ற இரைச்சல் இருந்தால், மூலப்பொருளே அப்படி. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வினைலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உலகின் பல ஆலைகள் தட்டை மெல்லியதாக்கின. பழைய தட்டுகளை உருக்கிக் கலந்தன. அத்தகைய தட்டோடு சமாதானமாகப் போவதுதான் வழி.

கேள்வி: மரப்பசையைத் தட்டின் மேல் ஊற்றிக் காயவைத்து உரித்தால் அழுக்கெல்லாம் வந்துவிடுமாமே?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: வரும், நன்கு காய்ந்து முழுத்தோலாக உரிந்தால். இந்த ஈரக்காற்றில் பசை உள்ளே காயாமல் மேலே மட்டும் காய்ந்து, உரிக்கும்போது துண்டு துண்டாகக் கிழியும். தடத்துக்குள் தங்கிய துணுக்கை எடுப்பது பிறகு பெரும்பாடு. வெள்ளிக்கு ஒன்றாய்க் கிடைத்த தட்டில் வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: வெளிக் கார் நிறுத்துமிடத்தில் பின்னிருக்கையில் விட்டுச்சென்ற எல்பி வளைந்துவிட்டது. அடுப்பில் வைத்து நிமிர்த்தலாமா?
– ஜூரோங் வாசகர்

பதில்: வேண்டாம். வெப்பத்தால் வளைந்ததை வெப்பத்தால் நிமிர்த்தலாம் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், தட்டு நிமிர்வதற்கும் தடங்கள் உருகி மழுங்குவதற்கும் இடையே உள்ள இடைவெளி சில டிகிரிதான்; வீட்டு அடுப்பின் வெப்பம் அவ்வளவு துல்லியமாக நிற்காது. சுத்தம் செய்த தட்டை, நன்கு துடைத்த இரண்டு தடித்த கண்ணாடிப் பலகைகளுக்கிடையே வைத்து, மேலே சீராக எடை ஏற்றி, சில வாரங்கள் அறை வெப்பநிலையிலேயே விட்டுவிடுங்கள். கிண்ணம்போல் குழிந்த லேசான வளைவு ஓரளவு தணியும். விளிம்பில் அலையலையாக நெளிந்தது பெரும்பாலும் தணியாது. ஊசி துள்ளாமல் ஓடினால் அப்படியே கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 74. என் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டுகளில் நாட்டம் இல்லை. 300க்கு மேல் இருக்கின்றன. பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் எடைக்குப் போடவும் மனம் வரவில்லை.
– தோ பாயோ வாசகர்

பதில்: எடைக்குப் போடுமுன் மூன்று குவியலாகப் பிரியுங்கள், ஐயா. கொலம்பியா, எச்எம்வி முத்திரையோடு கொல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆலையில் பெருமளவில் அச்சான திரைப்பாடல் தட்டுகள் ஒரு குவியல். இவற்றை விரும்பி வாங்கும் இளையர்கள் இப்போது இருக்கிறார்கள். மொத்தமாக ஒருவரிடம் கொடுப்பதைவிட, தட்டு எந்த நிலையில் உள்ளது என்பதை உண்மையாகச் சொல்லிச் சிறு சிறு தொகுதிகளாகக் கொடுத்தால் நல்ல கைகளுக்குப் போகும். மிகவும் கீறியவையும் பூசணம் அரித்தவையும் இரண்டாம் குவியல். இவற்றின் அட்டை நன்றாக இருந்தால் அட்டையை மட்டும் வைத்துக்கொள்ளலாம், ஏனெனில் நல்ல தட்டை வைத்துக்கொண்டு அட்டைக்கு ஏங்குபவர் எங்காவது இருப்பார்.

மூன்றாம் குவியல் சிறியதாகத்தான் இருக்கும். ஆனால் அதில்தான் அவசரப்படக் கூடாது. சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பதிவான தமிழ்த் தட்டுகள், உள்ளூர்ப் பாடகர்கள், உள்ளூர் இசைக்குழுக்கள், கோவில் விழாக்களுக்கென வெளியிட்டவை, யாரோ சொந்தமாகச் சில பிரதிகள் அச்சிட்டவை ஆகியவை அதில் சேரும். இவற்றைப் பற்றி விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஏற்றுக்கொள்வதா என்பதை அவர்கள்தாம் முடிவு செய்வார்கள். தட்டுகளை நேராகத் தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் ஒரு பட்டியல் அனுப்புங்கள். லேபிளில் உள்ள பெயர், நிறுவனத்தின் எண் ஆகியவற்றோடு, கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் சிறு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அது தெரியும். ஒரே பாட்டின் இரு வேறு அச்சுகளைப் பிரித்தறிய உதவுவது அந்த எண்தான்.

அட்டைகளை அழகுபடுத்துகிறேன் என்று பழைய கடைகளின் ஒட்டுத்தாளையோ, முத்திரையையோ, லேபிளில் மையால் எழுதிய பெயரையோ சுரண்டிவிடாதீர்கள். அந்தத் தட்டு எந்தக் கடையில், எந்தக் காலத்தில் விற்பனையானது என்பதற்கு வேறு சான்று இருக்கப்போவதில்லை. உங்களுக்கு நினைவிருப்பதை, யார் வாங்கியது, எங்கே வாங்கியது, பாடியவரை நேரில் கேட்டதுண்டா என்பதையெல்லாம், ஒரு தாளில் பென்சிலால் எழுதி வெளியுறைக்குள், தட்டின் மேல் படாமல், அட்டைக்குப் பின்னால் செருகிவிடுங்கள். பேனா மை இந்த ஊர் ஈரத்தில் கசிந்துவிடும்.